ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று தெரிந்த பிறகு

கேள்வி:

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு வயது 68, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அரசு டிஸ்பென்சரியில் கொடுக்கும் மெட்ஃபார்மினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறார். சர்க்கரை சேர்க்காத டயட் பானம் தண்ணீரைவிட அதிகமாக எடையைக் குறைக்கும் என்று ஓர் அமெரிக்க ஆய்வைக் காட்டி, என் மகன் பாட்டிக்குப் பாட்டில் பாட்டிலாக வாங்கி வருகிறான். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே குளிர்பானக் கம்பெனிகள்தான் என்று என் கொழுந்தனார் கண்டுபிடித்துச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. மருந்து ஆய்வுகளும் விலைக்கு வாங்கியவைதான், மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பாகற்காய் கேப்ஸ்யூல் சாப்பிடுங்கள் என்று ஒரு டப்பாவைத் தாயார் கையில் கொடுத்திருக்கிறார். மாமியார் குழம்பிப்போய் என் முகத்தைப் பார்க்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் மெட்ஃபார்மினையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், நாள் கடத்தாமல் டிஸ்பென்சரி மருத்துவரைப் பார்த்துப் பேசட்டும். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் கொழுந்தனார் கண்டுபிடித்தது சரி. உங்கள் மகன் காட்டியது 2014இல் 'ஒபீசிட்டி' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குளிர்பான உற்பத்தியாளர்களின் சங்கம் முழுச் செலவையும் ஏற்றது என்று அந்தக் கட்டுரையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் கம்பெனிப் பணம், ஆகவே பொய் என்று சொல்லி அதை மூடிவைத்துவிட்டால் நமக்கு ஒன்றுமே விளங்காது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் பணம் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது தெரியும்.

303 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கும் எடை குறைக்க ஒரே மாதிரியான பயிற்சி, 12 வாரம். ஒரு பிரிவினர் நாள்தோறும் டயட் பானம் குடித்தார்கள். மற்றவர்கள் டயட் பானத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். முடிவில் டயட் பானம் குடித்தவர்களுக்குச் சராசரியாக 5.95 கிலோவும் தண்ணீர் குடித்தவர்களுக்கு 4.09 கிலோவும் எடை குறைந்திருந்தது. இந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைத்தான் கவனிக்கிறேன். அத்தனை பேரும் முன்பே டயட் பானம் குடித்துப் பழகியவர்கள். அப்படியானால் ஒரு பிரிவினர் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் போதும். மற்றவர்கள் சாப்பாட்டையும் கட்டுப்படுத்தி, பழகிய பானத்தையும் கைவிட வேண்டும். டயட் பானத்துக்குப் பழகிய ஒருவர் எடை குறைக்கும் காலத்தில் அதை நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு ஒரு பதில் சொல்கிறது. உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டியதோ, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பாட்டி டயட் பானத்துக்கு மாறலாமா என்பது. அதை இந்த ஆய்வு கேட்கவே இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கென்று நடத்திய ஆய்வும் அல்ல இது.

அடுத்த ஆண்டே ஈரானில் 62 பெண்களை வைத்து 24 வாரம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. டயட் பானம் குடித்துப் பழகியவர்களே அதிலும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அங்கே தண்ணீருக்கு மாறியவர்களுக்குத்தான் எடை கூடுதலாகக் குறைந்தது, 7.6 கிலோவுக்கு எதிராக 8.8 கிலோ. ஒற்றை ஆய்வை வைத்து வீட்டுப் பழக்கத்தை மாற்றக் கூடாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். எனவே பாட்டி முன்பு சர்க்கரை போட்ட குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்து, அதற்குப் பதிலாக இது வந்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரின் இடத்தில் இது வந்திருக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அந்த அமெரிக்கக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஜேம்ஸ் ஹில் என்பவரும் ஒருவர். உடல் பருமன் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற அறிவியலாளர். உடல் எடைக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே பெரிய காரணம் என்ற கருத்தை முன்னிறுத்திய 'குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்' என்ற குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். அந்தக் குழுவைத் தொடங்க கோகா-கோலா நிறுவனம் 15 லட்சம் டாலர் கொடுத்திருந்ததை 2015இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஹில் பணியாற்றிய கொலராடோ பல்கலைக்கழகம் தான் பெற்றிருந்த 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு கலைக்கப்பட்டது. உடற்பயிற்சி நல்லது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அந்த உண்மையை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால், பாட்டிலுக்குள் இருக்கும் சர்க்கரையைப் பற்றிய பேச்சு தானாகவே அடங்கிவிடும். பணம் ஆய்வுக்குள் நுழையும்போது பொய்யை உற்பத்தி செய்வதைவிட, உண்மையின் எந்தப் பாதிக்கு வெளிச்சம் போடலாம் என்று தேர்ந்தெடுப்பதையே அதிகம் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சர்க்கரையைப் பற்றி எழுதும்போது மொரீஷியஸ் தமிழருக்குக் கை சற்றுத் தயங்கும். நம் முன்னோரில் எத்தனையோ பேரை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்ததே கரும்புத் தோட்டம்தான். இன்று நம் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அதனால்தான் அடுத்து வரும் கதையை நம் வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1965இல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்ட் பல்கலைக்கழக ஊட்டச்சத்து நிபுணர்களை அணுகி, இதய நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதச் சொன்னது. அதற்குக் கொடுத்த தொகை 6,500 டாலர். இன்றைய மதிப்பில் 50,000 டாலரைத் தாண்டும். எந்தெந்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும் என்று அந்த அமைப்பே கட்டுரைகளை அனுப்பியது. எழுதிய வரைவையும் முன்கூட்டியே வாங்கிப் பார்த்தது. 1967இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அந்தத் தொகுப்பு இரண்டு பகுதியாக வெளிவந்தது. சர்க்கரையைக் குற்றம் சாட்டிய ஆய்வுகளின் குறைகளை அது துருவித் துருவிக் காட்டியது. கொழுப்பைக் குற்றம் சாட்டிய ஆய்வுகளிடம் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. சர்க்கரைத் தொழிலின் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல வேண்டும் என்று இதழ்கள் கேட்கவும் இல்லை. பல் மருத்துவராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்த கிறிஸ்டின் கேர்ன்ஸ், நூலகங்களில் கிடந்த பழைய கடிதங்களிலிருந்து இதைத் தோண்டியெடுத்து, சக ஆய்வாளர்களுடன் 2016இல் வெளியிட்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து!

மறு ஆண்டு அதே குழுவினர் இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தார்கள். 1960களின் பிற்பகுதியில் அந்தச் சர்க்கரை அமைப்பு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரை தின்ற எலிகளின் உடலில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஒரு நொதி கூடுவதற்கான அறிகுறி தென்படத் தொடங்கியது. ஆய்வை முடிக்க இன்னும் சில வாரங்கள் தேவை என்று ஆய்வாளர் கேட்டபோது பணம் நிறுத்தப்பட்டது. கண்டவை அச்சேறவே இல்லை. எலிக்குக் காட்டியது மனிதருக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பையே மற்றவர்களுக்குக் கொடுக்காமல் போனார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைப் படித்தவுடன், அப்படியானால் கொழுப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் சர்க்கரைக்காரர்களின் கட்டுக்கதை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு என்பதற்கு நம் தீவே சாட்சி. 1987இல் மொரீஷியஸ் அரசு ரேஷன் எண்ணெயை மாற்றியது உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கலாம். அதுவரை பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததை சோயா எண்ணெயாக்கினார்கள். கூடவே தொற்றா நோய்களுக்கு எதிரான விழிப்புணர்வுப் பிரச்சாரமும் நடந்தது. 1987இலும் 1992இலும் மக்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஒரு நாடே சமையல் எண்ணெயை மாற்றி, அதன் பலன் அளந்து பார்க்கப்பட்ட நிகழ்வு உலகில் அரிது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் கை நீட்டிக் கொடுத்த இரத்தம் அது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆகப் பாமாயிலில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி ஹார்வர்ட்காரர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. சர்க்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டிய மறு பாதிதான் அடங்கிப்போனது.

பணம் ஆய்வாளரின் கையைப் பிடித்து எழுத வைக்கிறது என்று நினைக்காதீர்கள். அது தொடக்கத்திலும் முடிவிலும் வேலை செய்கிறது. தொடக்கத்தில், எதை எதோடு ஒப்பிடுவது என்பதில். பந்தயத்தில் ஓடுபவனே தன்னோடு ஓட வேண்டிய ஆளையும் தேர்ந்தெடுக்கலாம் என்றால் யார் வெல்வார்? மனநோய்க்கான ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மருந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்ட, கம்பெனிகளே நிதி கொடுத்த ஆய்வுகளை 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். 90 சதவீத ஆய்வுகளில் பணம் கொடுத்த கம்பெனியின் மருந்துக்கே வெற்றி. முதலாவது இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல், மூன்றாவது முதலாவதைவிட மேல்! போட்டி மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் அது வேலை செய்யாது, மிக அதிக அளவில் கொடுத்தால் பக்கவிளைவு வரும். எண்களில் கை வைக்காமலே இதைச் சாதிக்கலாம்.

முடிவில், எதை அச்சிடுவது என்பதில். மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளைத் தேடி எடுத்து 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மருந்துக்குச் சாதகமாக வந்தவை 38. அவற்றில் 37 இதழ்களில் வெளியாயின. சாதகமாக வராதவை 36. அவற்றில் 22 வெளியாகவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவை போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் படித்த ஒரு மருத்துவருக்கு, மருந்து அநேகமாக எப்போதுமே வெல்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். அவர் படித்த ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியே மெய்யாக இருந்திருந்தாலும்கூட.

கடைசியாக, முடிவுரையின் சொற்களில். மருந்துகளும் மருத்துவக் கருவிகளும் பற்றிக் கம்பெனி நிதியில் நடந்த ஆய்வுகளை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட்டவற்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் சீர்தூக்கிப் பார்த்தது. கம்பெனி நிதியில் நடந்த ஆய்வுகள் சாதகமான முடிவுக்கு வருவது மற்றவற்றைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆய்வு நடத்திய முறையில் அவை தரம் தாழ்ந்தவை அல்ல, சில அம்சங்களில் மேலானவைகூட. ஆனால் அட்டவணையில் உள்ள எண்களும் முடிவுரையில் உள்ள சொற்களும் ஒத்துப்போவது அவற்றில் குறைவு. சர்க்கரை பானமும் உடல் பருமனும் பற்றிய தொகுப்பாய்வுகளிலும் 2013இல் இதையே கண்டார்கள். தொழில்துறைத் தொடர்பு இல்லாதவர்கள் எழுதியவற்றில் ஆறில் ஐந்து பங்கு, பானம் பருமனுக்குக் காரணம் என்றன. தொடர்பு உள்ளவர்கள் எழுதியவற்றில் அதே ஆறில் ஐந்து பங்கு, போதிய ஆதாரம் இல்லை என்றன. இரு தரப்பும் தொகுத்தது ஒரே கேள்வியைப் பற்றிய ஆய்வுகளைத்தான்.

இவர்கள் எல்லோரும் கெட்டவர்களா என்று உங்களுக்குத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. இருபது டாலர்கூடப் பெறாத ஒரு வேளைச் சாப்பாட்டைக் கம்பெனியிடம் ஏற்றுக்கொண்ட அமெரிக்க மருத்துவர்கள், அந்தக் கம்பெனி முன்னிறுத்திய மருந்தைக் கூடுதலாக எழுதிக்கொடுத்தார்கள் என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அவர்களைக் கேட்டிருந்தால், ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கா நாங்கள் மாறுவோம் என்று மனதார மறுத்திருப்பார்கள். நன்றியுணர்வு மனிதருக்கு இயல்பு. அதை அறிந்தே அந்தச் சாப்பாடு வாங்கப்படுகிறது. மருத்துவத் தொழிலில் இருப்பவர்கள் இதை மறுத்துப் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் மாமியாரின் மாத்திரைகளுக்கு வருகிறேன். கொழுந்தனார் சொல்வது போல எல்லாமே விலைபோனவை என்றால் இவையும் போக வேண்டியதுதானே? போகாது. கொலஸ்ட்ரால் மாத்திரையின் கதையைப் பாருங்கள். இதய நோய் இருந்த 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 1994இல் வெளிவந்தது. அதற்கு நிதி கொடுத்தது அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனியேதான். ஆனால் அது ஒப்பிட்டது மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு. எண்ணியது இறப்புகளை. வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேரும் மருந்துப் பிரிவில் 182 பேரும் இறந்திருந்தார்கள். இறப்பைச் சொல்லாடலால் மறைக்க முடியாது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தாங்களே திட்டமிட்டு, தாங்களே கணக்கிட்டு, 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வும் இந்த மருந்து இறப்பைக் குறைக்கிறது என்றே 2002இல் காட்டியது. அதில் சேர்ந்தவர்களில் நீரிழிவு உள்ளவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

மெட்ஃபார்மின் காப்புரிமை முடிந்த மலிவான பழைய மருந்து. அதன் விற்பனை இன்று எந்த ஒரு கம்பெனியின் தனியுரிமையும் இல்லை. அதன் பலனை நிலைநாட்டியது 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் பிரிட்டனில் நடந்த நீரிழிவு ஆய்வு. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, நீரிழிவுச் சங்கம், அமெரிக்க அரசு நிறுவனங்கள், கூடவே பல மருந்துக் கம்பெனிகள் என்று பலரிடமிருந்து அதற்குப் பணம் வந்தது. கம்பெனிப் பணம் அதிலும் இருந்தது, ஆனால் ஒரே கையிலிருந்து வரவில்லை. அதிக எடையுள்ள நோயாளிகளிடையே மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் இறப்பு 36 சதவீதம் குறைந்திருந்ததாக 1998இல் அறிவித்தார்கள். பெரும்பாலும் அரசுப் பணத்தில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வு 2002இல் வந்தது. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களுக்கு உணவு, நடைப்பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவை அந்த நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் 31 சதவீதம் குறைத்தது. மாத்திரையைவிட நடையே மேல் என்று சொன்ன ஆய்வை எந்தக் கம்பெனியும் விரும்பித் திட்டமிட்டிருக்காது. உங்கள் மகன் அடுத்ததாக ஒன்றைத் தேடிப் படிப்பதென்றால் இதைப் படிக்கட்டும்.

அந்தப் பாகற்காய் டப்பாவைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். பாகற்காய் நல்ல காய், வாரம் ஒரு முறை வறுவலோ குழம்போ வையுங்கள். ஆனால் அது நீரிழிவைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே காக்ரேன் அமைப்பு 2012இல் முடிவுக்கு வந்தது. டப்பாவை விற்பவருக்கும் வருமானம் உண்டு. கம்பெனிப் பணத்தில் நடந்த ஆய்வைச் சந்தேகிக்கும் ஒருவர், போதிய ஆதாரமே இல்லாத பொருளை அதைவிட எளிதாக நம்பிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். தாயார்மீது உள்ள அக்கறையில்தான் அவர் இதைச் செய்திருக்கிறார். குளிர்பான ஆய்விடம் கேட்ட அதே கேள்வியை இந்த டப்பாவிடமும் கேட்கச் சொல்லுங்கள். யார் பணம், எதோடு ஒப்பிட்டார்கள், வந்த பலனை எங்கே அச்சிட்டார்கள்?

உங்கள் மகனுக்கு ஒரு வழி சொல்கிறேன். எந்த ஆய்வைப் படித்தாலும் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்த கையோடு கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போகட்டும். நிதி கொடுத்தவர் யார், ஆய்வாளர்களுக்கு எந்தக் கம்பெனியோடு பணத் தொடர்பு உண்டு (நலன் முரண்) என்பவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து, யாரைச் சேர்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள் என்று படிக்கட்டும். மருந்து ஆய்வுகளைத் தொடங்குவதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று பெரிய மருத்துவ இதழ்கள் 2005 முதல் வலியுறுத்துகின்றன. பதியும்போது எதை அளப்பதாகச் சொன்னார்கள், அச்சிடும்போது எதை அளந்ததாகச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியும். கூர்மையான பையனுக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை.

மாமியாருக்கு அடுத்த சந்திப்பு எப்போது என்று அவருடைய அட்டையில் பாருங்கள். அன்று நீங்களும் உடன் போங்கள், அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மினோடு சர்க்கரையைக் குறைக்கும் வேறு மாத்திரையும் அவர் எடுக்கிறார் என்றால், இது போன்றவை சேரும்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. பாதங்களில் மரமரப்போ ஓயாத களைப்போ இருந்தால் அந்தப் பரிசோதனையையும் கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, எவ்வளவு இருந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொழுந்தனாரையும் முடிந்தால் அழைத்துப் போங்கள், அவர் கேட்க நினைப்பதை மருத்துவரிடம் நேராகவே கேட்கட்டும்.